உன் காதோரத்து வெள்ளை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்த வரிக்குக் கை தானாகப் போனது, நிறுத்திக்கொண்டேன். யார் கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உண்மையில் எப்படி இருக்கிறது என்று யோசிப்பது என் வழக்கம். இந்தக் கடிதத்திலாவது அதை மாற்றிப் பார்க்கிறேன். போனில் சொல்லக்கூடாதா, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் என் குரல் ஒரு சந்தோஷக் குரலாக மாறிவிடுகிறது, அது என் பேச்சைக் கேட்பதில்லை. அதோடு அப்பா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஜன்னலோரம், கால் ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். அப்பா எதிரே சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறார், கையில் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. முடிய இன்னும் நேரம் ஆகும். வாய் கசக்கிறது என்று மிட்டாய் கேட்டார், நர்ஸ் ஒன்று கொடுத்தாள், இன்னொன்று கேட்டதற்கு "சின்னப் பிள்ளையா நீங்க" என்று அதட்டினாள். அதில் அவருக்கு ஏக சந்தோஷம். உன் தங்கை பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம், அவள் சொல்வதுதான். வீட்டுச் சமையல் இப்போது அவள் கையில். முட்டையைக் கருக்கிவிட்டு அது மொறுமொறுப்பு என்கிறாள். அப்பா அதையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறார், நாக்குக்கு ருசி தெரியாமல் போனதில் இப்படி ஒரு லாபம். மாடிவீட்டு டீச்சர் வாரத்துக்கு ஒரு முறையாவது சூப் வைத்துக் கொண்டுவருகிறாள், அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்கு நிமோனியா, ஆறிக்கொண்டு வருகிறது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது உண்மை இல்லை. அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். வலது பக்கம். அறுவை செய்து எடுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், அடங்கி இருக்கும் காலம் வரைக்கும் அடங்கி இருக்கட்டும் என்கிறார்கள். இதை உட்கார்ந்துகொண்டு படி. நீ உடனே கிளம்பி வரவேண்டும் என்று நான் எழுதவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நான் எழுத வந்த விஷயமே வேறு, அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் முட்டையையும் சூப்பையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு இருமல் விடாமல் இருந்தபோது முதலில் தெருமுனை டாக்டரிடம் போனோம். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், கம்பெனியில், ஆபீஸில். மருந்து எழுதிக் கொடுத்தார். கேட்கவில்லை, இன்னொரு டாக்டரிடம் போனோம். அவரும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருகிற இருமல்தான், மழைக்காலம் போனால் சரியாகிவிடும் என்றார். உனக்குத் தெரியும், நம் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். உனக்குப் பேச்சு வந்தபோதே அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்பா என்ன பண்றாங்க என்றால், கம்பெனி ஆபீஸ்ல இருக்காங்க. பட்டம் படித்த பெண், நீராவிக் குழாய்க்கு உறை சுற்றுகிற ஆளைக் கட்டிக்கொண்டாள் என்று என் பிறந்தவீட்டில் பேசிவிடக்கூடாது என்பதற்காகத் தொடங்கியது. பிறகு தெருவுக்கு, பள்ளிக்கு, என் கல்லூரி அலுவலகத்துக்கு என்று பரவி, கடைசியில் டாக்டர் மேசைக்கும் வந்துவிட்டது. அப்பாவும் மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாதிக்காரர் வாய்மூடி இருக்க, மனைவி அவருக்கு வேறு ஒரு வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்த வாழ்க்கைக்குத்தான் மருந்து கொடுக்கிறார்கள். இப்படி ஒரு கூத்து நம் வீட்டில்தான் நடக்கும்.

கடைசியில் இந்த ஆஸ்பத்திரி நெஞ்சு டாக்டரிடம் வந்தோம். உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள், சிரிக்காத முகம். ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி, கட்டியைக் காட்டவில்லை, அதைச் சுற்றி நுரையீரலின் மேல் உறையில் சுண்ணாம்பு தெறித்தது போல் இருந்த வெள்ளைத் திட்டுகளைக் காட்டினாள். இவர் என்ன வேலை பார்த்தார் என்றாள். ஆபீஸில் என்றேன். படத்தையே பார்த்துக்கொண்டு, "அம்மா, பேப்பர் பாத்த நெஞ்சு இப்படி இருக்காது. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, அவர் சொல்லட்டும்" என்றாள். எனக்குக் காது வரை சூடேறியது. அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், சொல்லட்டுமா என்று அனுமதி கேட்கிற மாதிரி. பிறகு, "டாக்டர், ஆபீஸை நான் ஜன்னலுக்கு வெளியில இருந்துதான் பாத்திருக்கேன். அவங்களுக்கு ஏசி, எங்களுக்கு நீராவி" என்று சிரிக்கப் போய் இருமினார். இருமி முடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பதினெட்டு வயதில் சேர்ந்தது, மூட்டையில் வரும் ஆஸ்பெஸ்டாஸ் பொடியைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் பிசைவது, சூடான நீராவிக் குழாய்மேல் பூசுவது, அதன்மேல் ஆஸ்பெஸ்டாஸ் துணியைச் சுற்றி ஊசியால் தைப்பது, பழையதாகிப் போனால் உரித்துப் போட்டுவிட்டு மறுபடி சுற்றுவது. முகமூடி ஒரு பெட்டி நிறைய இருந்ததாம், மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற அன்றைக்கு மட்டும் திறப்பார்களாம். கம்பெனி அந்தப் பொருளை நிறுத்திக் கண்ணாடிப் பஞ்சுக்கு மாறியபோது நீ மேல்வகுப்புக்குப் போய்விட்டாய். பழசை உரிக்கும் வேலை அதற்குப் பிறகும் நின்றபாடில்லை. அவர் இவ்வளவு நேரம் தன் வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. குழாய் வளையும் இடத்தில் துணியை எப்படி வெட்டினால் சுருக்கம் விழாது என்று கையைச் சுழற்றி அந்த டாக்டருக்குக் காட்டினார், அவளும் கவனமாகப் பார்த்தாள்.

அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி இழைகளாம். மூச்சில் போனால் அங்கேயே தங்கிவிடும், கரையாது, இருபது முப்பது வருஷம் சத்தமே போடாமல் இருந்துவிட்டுப் பிறகு இப்படிக் கிளம்பும். சிகரெட்டும் சேர்ந்தால் இரண்டும் தனித்தனியாகச் செய்கிற கெடுதலைவிடப் பல மடங்காம். நான் முன்பே உண்மையைச் சொல்லியிருந்தால் என்று கேட்டேன். "ஸ்கேன் சீக்கிரம் எடுத்திருப்பாங்க. அதனால என்ன மாறியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதோடு முடிந்ததென்றால் நான் எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பேன். போன மாதம் அப்பாவை வார்டில் வைத்திருந்தபோது மீசை மாமா பார்க்க வந்தார். அவருடைய குழாய்க் கோஷ்டிக் கூட்டாளி, மத்தியானத்துக்குள் மீசை வெளுத்துத் தாத்தாவாகிவிடுவார் என்று அப்பா சொல்வாரே, அவர்தான். வாசலிலிருந்தே "டேய் பஞ்சு, வெள்ளை பெட்ஷீட் பத்தலைன்னு இங்க வந்து படுத்துட்டியா" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூப்பாடு. அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு டீச்சர் சூப்போடு கட்டில் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, கணவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இல்லை, இந்த ஆள் கொஞ்சம் மெதுவாகப் பேசக்கூடாதா என்று. அவர் விடவில்லை. டீச்சரைப் பார்த்து, "எங்க கோஷ்டியிலயே இவன் ஒருத்தன்தாங்க மாப்பிள்ளை. நாங்கல்லாம் வேலை முடிஞ்சா தட்டிக்கூட விடாம வெள்ளைப் பேயாட்டம் வீட்டுக்குப் போவோம். இவன் மட்டும் டூல் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்குவான். காத்துக் குழாயைப் புடிச்சுத் தலையிலருந்து கால் வரைக்கும் புஸ்ஸுபுஸ்ஸுன்னு ஊதி, சட்டையை ஊதி, பேண்ட்டை ஊதி, அப்புறம் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு ஆபீசர் கணக்கா வெளிய வருவான். கதவைத் திறந்தா உள்ள ஒரே பனிமூட்டம். ஏன்டா இந்தப் பாடுன்னு கேட்டா, வீட்டுல பெரிய படிப்புடா மச்சான்னுவான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது கண்ணா. கோஷ்டி ஆட்கள் மற்ற வீடுகளில் வெள்ளைவெள்ளையாக வந்து நின்றபோது நம் வீட்டில் மட்டும் சுத்தமாக வருகிறாரே என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன். முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் இல்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தன்மேல் படிந்ததையெல்லாம் கிளப்பிவிட்டு, அதற்குள் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், தினமும். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவள் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. இதனாலா என்று கேட்டேன். முப்பது வருஷ வேலை இருக்கிறது, சிகரெட் இருக்கிறது, இதுவும் அதில் சேர்ந்திருக்கும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். பிரித்துச் சொல்ல முடியாது என்பதை நான் தினம் பிரித்துப் பார்க்க முயல்கிறேன்.

மீசை மாமா போனபிறகு, எதற்காக இப்படிச் செய்தீர்கள், நான் அப்படிச் செய்யச் சொன்னேனா என்று அவரிடம் கேட்டேன், சண்டைக்குப் போகிற குரலில். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "நீ ஒண்ணும் சொல்லலை. கல்யாணமான புதுசுல ஒருநாள் அப்படியே வந்துட்டேன். நீ வாசல்ல நின்னுட்டிருந்த. என்னைப் பாக்கலை, தெருவைப் பாத்த, யாராவது பாக்கறாங்களான்னு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை. அவர் அதை இத்தனை வருஷமும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் அவருக்குக் கால் பிடித்துவிட்டேன், என் கையை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசினாய். மடிப்புக் கலையாத நீலச் சட்டை, தலை வாரியிருந்தாய், பின்னால் சுத்தமான சுவர். டிசைன் ஆபீஸில் வேலை அதிகம் என்றாய், புது புராஜெக்ட் என்றாய். தங்கை ஏதோ கேலி செய்ததற்கு நீ தலையைத் திருப்பிச் சிரித்தாய் பார், அப்போது உன் காதுக்குப் பின்னால், மடல் தலையோடு ஒட்டுகிற மடிப்பில், கோலால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பேசி முடித்ததும் அப்பா என்னைப் பார்க்காமல், "அவன் காதைப் பாத்தியா?" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த இடம் தெரியும். என்ன ஊதினாலும் என்ன துடைத்தாலும் அந்த ஒரு மடிப்பில் மட்டும் தங்கிவிடும். நான் எத்தனை நாள் காலையில் அதைத் தலையணை உறையிலிருந்து தட்டியிருக்கிறேன், என்னவென்று கேட்காமலே. "அவன் ஆபீஸ்ல இல்லை. பழைய கட்டடம் எதையோ உடைக்கிறான், இல்லைன்னா உரிக்கிறான். அந்த வெள்ளை எனக்குத் தெரியும்" என்றார். அப்படியானால் கேளுங்கள், நீங்கள் கேட்டால் சொல்வான் என்றேன். "கேக்க மாட்டேன். அவனா சொல்லட்டும். மறைக்கறவனுக்கு ஒரு கஷ்டம் இருக்கும்" என்றார். அவருக்கு அது தெரியும். நான்தான் பொறுத்துக்கொள்ள முடியாமல் எழுதுகிறேன்.

படித்த படிப்புக்கு அங்கே வேலை அமையவில்லை, கிடைத்ததில் சேர்ந்துவிட்டாய், அதை என்னிடம் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதானே. என் மகன் டிசைன் ஆபீஸில் இருக்கிறான் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நான் என்ன கேட்க விரும்புவேன் என்று பார்த்து நீ பதில் சொல்கிறாய், அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். நான் ஊகித்தது தப்பாக இருந்தால், அது வெறும் பவுடர் என்று ஒரு வார்த்தை சொல், என்னைத் திட்டு, எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. சரியாக இருந்தால் கேட்டுக்கொள். எங்களோடு பேசுவதற்கு முன்னால் நீ எங்கே நின்று சுத்தம் செய்துகொள்கிறாய்? எதைக் கொண்டு? காற்றுக் குழாய் என்றால் இன்றோடு விட்டுவிடு. தட்டவும் கூடாது, பெருக்கவும் கூடாதாம், ஈரத் துணியால் துடைக்க வேண்டுமாம், பிறகு குளியல். வேலை உடுப்பை அங்கேயே விட்டுவிட வேண்டும், தங்கும் அறைக்குக் கொண்டுவராதே. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, கோஷ்டியில் எல்லோரும் அதைத்தான் கட்டிக்கொண்டார்களாம். பழைய குழாய்களின்மேல் வெள்ளைப் பூச்சு, கூரைப் பலகை, சுவர்த் தகடு, தரையில் ஒட்டிய பழைய சதுர டைல்கள், இவற்றை உடைப்பதற்கு முன்னால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று உன் மேஸ்திரியைக் கேள். பார்த்தால் தெரியாதாம், பரிசோதித்தால்தான் தெரியும். மழுப்பினால் தொடாதே. வேலை போய்விடும் என்றால் போகட்டும். வீட்டுக்கு வா, வந்து வேலை இல்லாமல் கொஞ்ச நாள் தெருவில் நட, நான் வாசலில் நின்று உன்னை மட்டும் பார்க்கிறேன்.

அங்கே ஒரு டாக்டரிடம் போ. சின்ன வயதில் அப்பாவின் உடுப்பும் தலையணையும் இருந்த அறையில்தான் நீயும் படுத்தாய், அதையும் சொல்ல வேண்டுமாம். என் அப்பா ஆஸ்பெஸ்டாஸ் சுற்றினவர், அவருக்கு இப்படி ஆகியிருக்கிறது, நான் பழைய கட்டடம் உடைக்கிறேன், சிகரெட் பிடிக்கிறேன் என்று ஒன்று விடாமல் சொல். சிகரெட் எனக்கு எப்படித் தெரியும் என்று முழிக்காதே, பேசும்போதெல்லாம் லைட்டரை விரலில் உருட்டுகிறாய். அதை நிறுத்து. இதில் மட்டும் கெஞ்சவில்லை, அதட்டுகிறேன். இங்கே எனக்கும் தங்கைக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள், இப்போதைக்கு ஒன்றும் இல்லை, இதில் பொய் இல்லை.

நேற்று சூப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாடிவீட்டு டீச்சர் மாடிப்படியில் நிறுத்தினாள். அவளுக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிட்டது, ஆனாலும் நல்ல மனுஷி, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, "அன்னைக்கு வந்தவர் யாரையோ நினைச்சுச் சொல்லிட்டார் போல, உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்தானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இல்லை டீச்சர், அவர் குழாய் சுற்றுகிறவர், நான்தான் இத்தனை நாளாக மாற்றிச் சொல்லிவந்தேன் என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, நாளைக்கு சூப்பில் உப்பைக் குறைக்கட்டுமா என்று கேட்டாள். உலகம் இவ்வளவுதான் செய்யும் என்று முன்பே தெரிந்திருந்தால்! இதைச் சொன்னதால் நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைக்காதே. வெட்கம் குறையவில்லை. எதற்காக வெட்கப்படுகிறேன் என்பதுதான் மாறியிருக்கிறது.

மருந்து பாட்டில் காலியாகப் போகிறது, நர்ஸ் வருகிறாள். அப்பா விழித்துக்கொண்டு, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உனக்கு என்றேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. "குளிக்கும்போது காதுக்குப் பின்னாடி நல்லாத் தேய்க்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இஸ்திரிச் சட்டை வேண்டாம், குளித்துவிட்டுப் பனியனோடு உட்கார், என்ன வேலை செய்கிறாய் என்று நான் கேட்பேன், அப்பாவும் கேட்டுக்கொண்டிருப்பார், உள்ளதைச் சொல். உன் மூச்சு நெடுநாள் சுகமாக ஓடட்டும், நீ எங்கே இருந்தாலும் நல்லா இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குழாய் சுற்றும் பஞ்சுவின் மனைவி,
உன் அம்மா.